நிலைக்கண்ணாடியும் தம்பதிகளும்

1975 என்று நினைவு. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்திக்கொண்டிருந்த, முந்நூறு பிரதிகளைத் தாண்டியறியாத பத்திரிகைக்கு ஒரு கதை வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கமும் எழுதி, ஓரத்தில் நூல் கோத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் ஒரு பெண். தெற்கே ஏதோ ஒரு சிறு ஊர். கதையில் வந்த கணவனும் மனைவியும் அவருடைய சிருஷ்டி இல்லை. பிரபல வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடி, கல்யாணத்தோடு சுபம் போட்டு முடிந்துபோன ஒரு தொடர்கதையின் நாயகனும் நாயகியும் அவர்கள். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு என்று இந்தப் பெண் ஆரம்பித்திருந்தார். நொடித்துப்போன ஜமீன் ஒன்றில் சாமான்களை ஏலம் விடுகிறார்கள். கணவன் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றை ஏலத்தில் எடுத்து, வைக்கோல் பரப்பி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறான். அந்தக் கண்ணாடியில் எல்லாம் சரியாகவே தெரிகிறது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு மட்டும், மனைவி எதிரே நிற்கையில், அவள் கட்டியிராத ஒரு புடவை தெரிகிறது.

நான் ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டேன். இரவல் பாத்திரத்தில் சமைத்ததை இங்கே நாங்கள் பரிமாறுவதில்லை என்று. ‘பாத்திரம்’ என்ற சொல்லின் சிலேடையை நண்பர்கள் மிகவும் ரசித்தார்கள். நானும் ரசித்தேன். கார்டைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் இரண்டு பேருக்குப் படித்துக்காட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்ணிடமிருந்து பிறகு எதுவும் வரவில்லை; எங்களுக்கு மட்டுமல்ல, எனக்குத் தெரிந்து வேறு எங்கும் அவர் பெயரை நான் பார்க்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், அமெரிக்காவிலிருக்கும் என் தங்கை மகள் இரண்டு வருஷம் முன்பு இங்கே வந்தபோது கொடுத்துவிட்டுப் போன ஒரு கட்டுக் காகிதம். ‘மாமா, இதையும் இலக்கியம்னு சொல்ல மாட்டீங்க, தெரியும். ஆனா முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க’ என்றாள். முப்பது பக்கம் இருக்கும். ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் மல்டரும் ஸ்கல்லியும் அதில் வருகிறார்கள். சேர்ந்து வாழத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. இறந்துபோன யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்கிற இடத்தில் ஒரு பழைய எழுதுமேசையை வாங்குகிறார்கள். அதன் ஒரு இழுப்பறை திறப்பதில்லை. ராத்திரியில் உள்ளேயிருந்து யாரோ எழுதுகிற சத்தம். பேய் யார், அவளுக்கு என்ன குறை என்பதெல்லாம் நாம் ஆயிரம் தடவை படித்ததுதான். எழுதியவருக்கும் அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. மேசையை வைத்துக்கொள்வதா வெளியே தூக்கிப் போடுவதா என்று இரண்டு பேரும் சமையலறையில் நின்று வாதாடுகிற எட்டுப் பக்கங்கள்தான் கதை. அந்த எட்டுப் பக்கங்களில் கல்யாணம் என்ற ஸ்தாபனத்தைப் பற்றி, நம் குடும்ப நாவலாசிரியர்கள் பலர் எட்டு நாவல்களில் சொல்லாதது இருந்தது. நடை மோசம். பெயரடைகளை உப்பு மாதிரி அள்ளிப் போட்டிருந்தார். ஆனாலும் நான் முழுசாகப் படித்தேன். படித்து முடித்தபோது நிலைக்கண்ணாடி ஞாபகத்துக்கு வந்தது.

இந்த வகை எழுத்தை ரசிகர் புனைவு என்கிறார்கள். இன்னொருவர் படைத்த மனிதர்களை, இன்னொருவர் படைத்த உலகத்தை, அனுமதி கேட்காமல், காசு வாங்காமல், தொடர்ந்து எழுதுவது. அதற்குள் ஏகப்பட்ட சாதி உட்சாதிகள். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஜோடியைப் பற்றியது ஒரு தனி வகை. சேர்வார்களா மாட்டார்களா என்ற பிரச்னையே அதில் கிடையாது. ஆவி பிடித்த பழம்பொருள் ஒன்று வீட்டுக்குள் வருவது அந்த வகைக்கு மிகவும் பிடித்த கருக்களில் ஒன்று. எங்கோ பெர்த்திலும் ஒஹையோவிலும் உட்கார்ந்துகொண்டு, ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் ஏன் திரும்பத் திரும்ப இதே கதையை எழுதுகிறார்கள்? தென் தமிழ்நாட்டில் நோட்டுத் தாளில் ஒரு பெண் எழுதியதும் ஏன் இதுவாகவே இருந்தது? இந்தக் கேள்வி என்னைப் பழைய புத்தகங்களுக்கு விரட்டியது.

இங்கிலீஷில் இந்தப் பழம்பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், முதலில் நம்மிடமிருந்துதான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ 1868-ல் டிக்கன்ஸின் பத்திரிகையில் தொடராக வந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த அன்று, படைக்கலக் கொட்டடியில் கொலை செய்து திருடப்பட்ட வைரம், அரை நூற்றாண்டு கழித்து ஒரு இங்கிலீஷ் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வருகிறது. வந்த அன்று ராத்திரியே அவளுக்கும் அவளை நேசிக்கிறவனுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது. வைரத்தில் பேய் கிடையாது; சாபம் உண்டு, பின்தொடர்ந்து வரும் மூன்று பிராமணர்கள் உண்டு. காலின்ஸ் எதை அறிந்து எழுதினாரோ, எதை அறியாமல் எழுதினாரோ, கொள்ளையடித்த பொருள் வீட்டுக்குள் சும்மா இருக்காது என்ற பயம் அந்த நாவல் முழுவதும் இருக்கிறது. ஒரு சாம்ராஜ்யத்தின் வரவேற்பறை அலமாரிகள் பூராவும் அடுத்தவர் வீட்டுச் சாமான். ராத்திரியில் ஏதாவது சத்தம் கேட்டால் ஆச்சரியமில்லை.

1902-ல் டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸ் எழுதிய ‘குரங்கின் பாதம்’ இதற்கு அடுத்த படி. அதுவும் இந்தியாவிலிருந்து போனதுதான். ஒரு பக்கீர் மந்திரித்தது. மூன்று பேருக்கு மூன்று மூன்று வரம். பட்டாளத்திலிருந்து திரும்பிய மோரிஸ் அதை நெருப்பில் எறிகிறான், கிழவர் வைட் பாய்ந்து எடுத்துக்கொள்கிறார். இருநூறு பவுன் கேட்கிறார். மகன் இயந்திரத்தில் மாட்டிச் செத்ததற்கு நஷ்டஈடாக இருநூறு பவுன் வருகிறது. எல்லோருக்கும் தெரிந்த கதை. பேய்க்கதைத் தொகுதிகள் அதைப் பேய்க்கதையாகவே சேர்த்து வைத்திருக்கின்றன. நான் அண்மையில் திரும்பப் படித்தபோது அது ஒரு கிழத் தம்பதியின் கதை என்று பட்டது. மகனைத் திரும்பக் கேள் என்று மனைவி புருஷனை நெருக்குகிறாள். அவருக்குப் பயம், ஆனாலும் கேட்கிறார். கதவு தட்டப்படுகிறது. அவள் கீழே ஓடி, நாற்காலி மேல் ஏறித் தாழ்ப்பாளை நீக்கப் போராடுகிறாள். அவர் இருட்டில் தரையில் தடவித் தடவிப் பாதத்தைத் தேடுகிறார், கடைசி வரத்தைக் கேட்க. இத்தனை காலம் ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு பேர், இறந்த ஒரே மகனைப் பற்றி எதிரெதிரான இரண்டு வரங்களோடு ஒரே இருட்டில் இருக்கிறார்கள். கதவு திறந்தபோது வெளியே தெருவிளக்கும் வெறும் சாலையும்தான். அன்றைக்கு அவர் கேட்டது என்ன என்று அவள் பிறகு கேட்டாளா, அவர் சொன்னாரா? ஜேகப்ஸ் அங்கேயே நிறுத்திவிட்டார். ரசிகர் புனைவு எழுதுகிறவர்கள் உட்கார்ந்து எழுதத் தொடங்குவது இந்த மாதிரி இடங்களில்தான்.

எம். ஆர். ஜேம்ஸைச் சொல்லாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைக் கூட்டிவைத்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துக்காட்டிய கதைகளை 1904-ல் தொகுத்து வெளியிட்டார். பழம்பொருள் ஆராய்ச்சியாளன் ஒருவனின் பேய்க்கதைகள் என்று தலைப்பிலேயே தொழிலைச் சொல்லிவிட்டார். பழைய விசில், பழைய செதுக்கோவியம், பழைய ஏட்டுத் தொகுப்பு. ஆனால் அவருடைய நாயகர்களில் அநேகமாக எல்லோருமே ஒண்டிக்கட்டைகள், அவரைப் போலவே. ‘அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வா’ என்று சொல்ல அவர்களுக்கு வீட்டில் ஆள் கிடையாது. ஆகவே கதைகளில் பயம் உண்டு, வாக்குவாதம் கிடையாது.

விலக்கு ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது. மேரி மகாராணிக்காக ஒரு பொம்மை வீடு கட்டினார்கள். வரைந்தவர் புது டில்லியை வரைந்த அதே லட்யன்ஸ். 1924-ல் முடிந்தது, வின்ட்ஸர் கோட்டையில் வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் விரலளவு நூலகத்துக்காக எழுத்தாளர்கள் பலரிடம் விரலளவுப் புத்தகங்கள் கேட்டு வாங்கினார்கள். ஜேம்ஸ் கொடுத்த கதை, ஆவி பிடித்த ஒரு பொம்மை வீட்டைப் பற்றியது! மகாராணிக்கு இந்தக் குறும்பு புரிந்திருக்கும் என்று நம்புகிறேன். கதையில் அந்தப் பொம்மை வீட்டை விற்கிற கடைக்காரருக்கு ஒரு மனைவி உண்டு. பொருள் கைமாறியதும் கடைக்காரர் உள்ளே வந்து போய்விட்டது என்கிறார். அவள் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆண்டவனுக்கு நன்றி சொல்கிறாள். வாங்கிக்கொண்டு போனவனைப் பற்றி இரண்டு பேரும் சின்னதாக அபிப்பிராய பேதப்படுகிறார்கள். பத்து வரிகூட இராது. அந்தக் கடைக்காரத் தம்பதி அந்தச் சாமானோடு எத்தனை ராத்திரிகள் கழித்தார்கள், யார் முதலில் பார்த்தது, யார் நம்பவில்லை என்பதெல்லாம் கதைக்கு வெளியே கிடக்கிறது. வாங்கிப் போன ஒண்டிக்கட்டையைப் பின்தொடர்ந்து போய்விட்டார் ஜேம்ஸ். அவர் பிழை என்று சொல்லவில்லை. அவருடைய அனுபவ உலகு அது.

இங்கே ஜப்பானை ஒரு வரி குறுக்கே கொண்டுவர வேண்டும். முரோமாச்சி காலத்துப் படச்சுருள்களில் ‘ட்ஸுகுமோகாமி’ என்ற ஜீவன்கள் வருகின்றன. வீட்டுச் சாமான்கள் நூறு வருஷம் ஆகிவிட்டால் அவற்றுக்கு உயிர் வந்துவிடும். ஆகவே வருஷக் கடைசியில் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும்போது பழசை வெளியே எறிந்துவிடுகிறார்கள். இத்தனை காலம் உழைத்த எங்களையா என்று கோபம் கொண்டு அவை பூதங்களாகிப் பழி வாங்கக் கிளம்புகின்றன. கடைசியில் பௌத்தம் தழுவி முக்தி அடைகின்றன. மேற்கத்திய பழம்பொருளில் முன்பு அதை வைத்திருந்தவன் குடியிருக்கிறான். ஜப்பானியப் பொருளிலோ பொருளே குடியிருக்கிறது. வித்தியாசம் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் ரசிகர் புனைவுக்காரர்கள் எடுத்தாளும் பாத்திரங்களைப் பற்றி யோசித்தால் இது முக்கியமாகிறது. ஷெர்லாக் ஹோம்ஸுக்குள் இன்னும் கோனன் டாயில் உட்கார்ந்திருக்கிறாரா, அல்லது நூறு வருஷம் ஆனதில் ஹோம்ஸுக்கே உயிர் வந்துவிட்டதா?

டாயில் இதில் பெருந்தன்மைக்காரர். 1893-ல் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றுவிட்டு நிம்மதியாக இருந்தவர். வில்லியம் ஜில்லெட் என்ற அமெரிக்க நடிகர் ஹோம்ஸை நாடகமாக்கியபோது, அவனுக்குக் கல்யாணம் செய்துவைக்கலாமா என்று கேட்டாராம். கல்யாணம் செய், கொலை செய், உன் இஷ்டம் என்று பதில் வந்தது. நாடகம் 1899-ல் மேடையேறியது. இதற்கு நேர் எதிர் ஆன் ரைஸ். தன் ரத்தக்காட்டேரிகளை வைத்து யாரும் ரசிகர் புனைவு எழுதக்கூடாது என்று 2000-ல் அறிவித்தார். ரத்தக்காட்டேரி அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று அவரை யாராவது கேட்டார்களா, தெரியாது.

ஜேன் ஆஸ்டின் விஷயம் இன்னும் பொருத்தமானது. ஆஸ்டினின் ஆறு நாவல்களும் கல்யாணத்தில் முடிகிறவை. அங்கே அவர் பேனாவை மூடிவைத்துவிடுகிறார். முதல் உலகப்போருக்குச் சற்று முன்னால் ஸிபில் பிரின்டன் என்ற பெண்மணி, ஆறு நாவல்களின் தம்பதிகளையும் ஒரே கதையில் சேர்த்துவைத்து, மீதமிருந்தவர்களுக்குக் கல்யாணம் பேசி ஒரு நாவல் எழுதினார். 2011-ல் பி. டி. ஜேம்ஸ், துப்பறியும் நாவலில் ராணி என்று பெயரெடுத்தவர், தொண்ணூறு வயதில், எலிஸபெத்துக்கும் டார்ஸிக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவர்கள் வீட்டுத் தோட்டத்துக் காட்டில் ஒரு கொலை நடப்பதாக எழுதினார். அவர் எழுதினால் நாவல், நோட்டுத் தாளில் எழுதினால் இரவல் பாத்திரம். 1975-ல் நான் எந்தப் பக்கம் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்று நாம் அறிகிற வடிவத்தில் ரசிகர் புனைவு ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரோடு வந்தது. தொடர் 1966-ல் ஆரம்பித்தது. 1967-லேயே நியூயார்க்கில் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற பத்திரிகை வந்துவிட்டது. நடத்தியவர்கள் இரண்டு பெண்கள். ஸ்டென்ஸில் வெட்டி, மிமியோகிராஃபில் உருட்டி, ஸ்டேப்பிள் அடித்துத் தபாலில் அனுப்பினார்கள். அடக்க விலைதான், லாபம் பார்த்தால் வழக்கு வரும். அதே காலத்தில் இங்கே ‘எழுத்து’ தன் கடைசி வருஷங்களில் இருந்தது, ‘கசடதபற’ 1970-ல் வரப்போகிறது. நாங்களும் லாபம் பார்க்கவில்லை. வழக்குப் பயத்தால் அல்ல. முந்நூறு பிரதி, கடிதப் போர்கள், கோஷ்டிகள், காணாமல் போகும் சந்தாக்கள். அந்தப் பெண்களின் பத்திரிகைகளைப் பற்றிப் படித்தபோது, உறவுக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சுயவிமர்சனமும் அவர்களிடம் இருந்தது. 1973-ல் பாலா ஸ்மித் என்பவர் ஒரு பக்கக் கிண்டல் கதை எழுதி, எல்லாம் தெரிந்த, எல்லோராலும் நேசிக்கப்படுகிற, பதினைந்தரை வயது லெஃப்டினென்ட் மேரி ஸூவைக் கொன்று போட்டார். தன்னையே நாயகியாக நுழைத்துக்கொள்ளும் எழுத்துக்கு அன்றிலிருந்து அதுதான் பெயர். நம் விமர்சகர்கள் நாற்பது பக்கத்தில் செய்ததை ஒரு பக்கத்தில் செய்திருக்கிறார். மறு வருஷம், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டயான் மார்ச்சன்ட், பெயர்களைச் சொல்லாமலே, கேப்டன் கிர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக வைத்து ஒரு துண்டுக் கதை எழுதினார். இரண்டு பெயர்களுக்கு நடுவே போடுகிற சாய்கோடே பிறகு ஒரு இலக்கிய வகையின் பெயராயிற்று. எழுதியவர்களும் படித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். ஜோவன்னா ரஸ் போன்ற தேர்ந்த எழுத்தாளர் இதைப் பற்றி எண்பதுகளிலேயே கட்டுரை எழுதினார். 1992-ல் ஹென்றி ஜென்கின்ஸும் கமீல் பேக்கன்-ஸ்மித்தும் தனித்தனியே புத்தகமே போட்டார்கள். பேராசிரியர்கள் வந்துவிட்டார்கள் என்றால் ஒரு விஷயம் ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டது என்று அர்த்தம்.

ஜோடியின் பிரச்னைக்கு வருகிறேன். தொலைக்காட்சித் தொடர் ஜோடிகளைச் சேர்த்துவைக்காது. அது அதன் பொருளாதாரம். சேர்ந்துவிட்டால் அடுத்த வாரம் யார் பார்ப்பார்கள்? ‘மூன்லைட்டிங்’ என்ற தொடர் (1985–89) தன் ஜோடியைச் சேர்த்துவைத்ததால்தான் படுத்துவிட்டது என்று ஒரு ஐதீகம் அந்தத் தொழிலில் வேரூன்றிவிட்டது. உண்மையான காரணங்கள் வேறே பல இருந்தன. ஐதீகத்துக்கு அதெல்லாம் வேண்டாம். ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ 1993-ல் ஆரம்பித்து 2002 வரை ஓடியது. 1998-ல் வந்த திரைப்படத்தில் மல்டரும் ஸ்கல்லியும் முத்தமிடப் போகும் தருணத்தில் ஒரு தேனீ வந்து கொட்டுகிறது. நம் படங்களில் இரண்டு பூக்களை முட்டவைத்ததற்கு இந்தத் தேனீ ஒன்றும் மேலானதல்ல. இவர்கள் சேர வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற ரசிகர்களுக்கு ‘ஷிப்பர்’ என்ற பெயர் அந்தத் தொடரைச் சுற்றித்தான் உருவாயிற்று. 1999-ல் ஒரு கதையில் இரண்டு பேரும் துப்பறிவதற்காகப் புருஷன் பெண்டாட்டி வேஷம் போட்டுக்கொண்டு ஒரு குடியிருப்பில் தங்குகிறார்கள். பற்பசைக் குழாயை எப்படி அமுக்குவது என்பதில் சண்டை வருகிறது. பரிகாசமாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ரசிகர்கள் பிடித்துக்கொண்டது அந்தப் பற்பசைக் குழாயை. அவர்களுக்கு வேண்டியிருந்தது முத்தம் மட்டும் அல்ல. முத்தத்துக்குப் பின் வருகிற இருபது வருஷம். அதைச் சந்தையால் எழுத முடியாது. கல்யாணத்தோடு திரையை இறக்கிவிடுவது தொடர்கதைக்கும் தொலைக்காட்சிக்கும் பொது தர்மம்.

ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு கஷ்டம். சேர்ந்துவிட்ட ஜோடிக்குக் கதை கிடையாது. பால் வாங்குகிறார்கள், தூங்குகிறார்கள். மூன்றாவதாக ஒன்று உள்ளே வர வேண்டும். வேறு பெண், வேறு ஆண் என்று கொண்டுவந்தால் ஜோடி உடைந்துபோகும். ரசிகர் மன்னிக்க மாட்டார். குழந்தை என்றால் எதிர்காலத்துக்குப் போய்விடும். பழம்பொருள் வசதியானது. சாமானாகத்தான் உள்ளே வருகிறது, ஆளாக அல்ல. காசு கொடுத்து வாங்கியது யார், வேண்டாமென்றது யார் என்ற கேள்வி கூடவே வருகிறது. அதற்குள் இருப்பது இன்னொரு தம்பதியின், முடிந்துபோன, பெரும்பாலும் மோசமாக முடிந்துபோன வாழ்க்கை. உயிரோடிருக்கும் ஜோடி அதைக் கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்கத் தங்களை அதில் பார்க்கிறது. எழுத்து உத்தியாக இது சாமர்த்தியம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அதைவிட அதிகமாகச் சொல்லத் தோன்றுகிறது. ரசிகர் புனைவு எழுதுகிறவர் செய்வதே இதுதானே? வேறொருவர் வைத்திருந்த பழைய சாமானை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். அதில் முன்னவரின் வாசனை இருக்கிறது. திறக்காத ஒரு இழுப்பறை இருக்கிறது. அதைத் துடைத்துச் சொந்தமாக்கிக்கொள்ளவும் முடியாது, தூக்கி எறியவும் மனசு வராது.

பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1979-லிருந்து 1982 வரை ‘ஸஃபயர் அண்ட் ஸ்டீல்’ என்று ஒன்று வந்தது. ஆறே கதைகள். பி. ஜே. ஹாமண்ட் உருவாக்கியது. ஸஃபயர் என்ற பெண்ணும் ஸ்டீல் என்ற ஆணும் மூலகங்களாம். நீலக்கல்லும் எஃகும் மூலகங்கள் அல்ல என்று பள்ளிப் பையன்கூடச் சொல்வான், அதைப் பொருட்படுத்தக்கூடாது. காலம் என்பது ஒரு நடைபாதை. பழைய பொருள்கள், பழைய பாட்டுகள், பழைய போட்டோக்கள் இருக்கும் இடத்தில் அதன் சுவர் மெலிந்து, ஏதோ ஒன்று உள்ளே நுழையப் பார்க்கும். இவர்கள் போய்த் தடுக்க வேண்டும். முதல் கதையில் கடிகாரங்கள் நிறைந்த ஒரு பழைய வீடு. குழந்தைக்குப் பழைய பாட்டைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பெற்றோர் மறைந்துபோகிறார்கள். நாலாவதில் முகமில்லாத ஒருவன், எடுக்கப்பட்ட ஒவ்வொரு போட்டோவிலும் இருக்கிறவன். அவன் ஒருத்தியைப் போட்டோவுக்குள் அடைத்து, அதைக் கொளுத்திவிடுகிறான். செட்டுக்குப் பணம் இல்லை என்பது பார்த்தாலே தெரியும். அந்த வறுமையே அதற்கு ஒரு கவித்துவத்தைக் கொடுத்துவிட்டது. ஸஃபயர் ஒரு பொருளைத் தொட்டால் அதன் வயதைச் சொல்லுவாள், அது பார்த்ததையெல்லாம் சொல்லுவாள். ஸ்டீலுக்குப் பொருளின் கதையில் அக்கறை இல்லை, அழித்துவிடலாமா என்பான். ஒருத்திக்குப் புரிய வேண்டும், ஒருவனுக்கு முடிய வேண்டும். அவர்கள் தம்பதி என்று தொடர் ஒருபோதும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை.

1982-ல் கடைசிக் கதையின் முடிவில் இரண்டு பேரும் ஒரு சாலையோர உணவு விடுதியில் சிக்கிக்கொள்கிறார்கள். ஜன்னல் திரையை விலக்கினால் வெளியே நட்சத்திரங்கள். விடுதி வெற்றுவெளியில் மிதக்கிறது. அவ்வளவுதான், தொடர் அதோடு முடிந்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஜன்னலிலிருந்து அவர்களை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள் ரசிகர்கள். 2005-லிருந்து சில வருஷம் ஒலிநாடகங்களாகவும், வேறு நடிகர்களின் குரலில், அவர்கள் திரும்பி வந்தார்கள். பழைய பொருளைக் காவல் காக்கப் போன ஜோடியே கண்ணாடிக்குப் பின்னால் அடைபட்ட பழம்பொருளாகிவிட்டது. ரசிகன் போய்த் தொடுகிறான்.

நம்மிடம் இது இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்த பிறகு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். அது இருக்கட்டும். தமிழில் இந்த வகையின் உச்சம் 1943-ல் வந்துவிட்டது, நாம் அதை வேறு பெயரில் அழைத்துக்கொண்டிருக்கிறோம். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’. ராமாயணம் ராமனின் கால் பட்டதும் அகலிகையை எழுப்பிவிட்டு மிதிலைக்குப் போய்விடுகிறது. கல்லாகக் கிடந்தவளும், புற்று மூடிக் கிடந்தவனும் மறுநாள் காலை ஒரே குடிசையில் என்ன பேசிக்கொண்டார்கள்? காவியத்துக்கு அது வேண்டாத விஷயம். புதுமைப்பித்தனுக்கு வேண்டியிருந்தது. மீண்டும் கூடிவிட்ட ஒரு தம்பதி. இருவருமே விமோசனம் பெற்றவர்கள். நடுவில் ஒரு கல். கௌதமன் மன்னித்துவிட்டான், அகலிகை மன்னிக்கப்பட்டுவிட்டாள், கல் மட்டும் போகவில்லை. சீதை வந்து அக்கினிப் பிரவேசத்தைச் சொன்னதும் அது திரும்ப அவளுக்குள் ஏறிவிடுகிறது. இரவல் பாத்திரம்தான். அதில் சமைத்ததை நாங்கள் அந்த 1975-லும் கொண்டாடிக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் பத்திரிகையிலேயே அதைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அதற்கும் அந்தப் போஸ்ட் கார்டுக்கும் நடுவில் மூன்று மாதம்கூட இராது.

புதுமைப்பித்தனையும் நோட்டுத் தாள் பெண்ணையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாராவது கடிதம் எழுதுவார்கள். வைக்கவில்லை. ரசிகர் புனைவில் தொண்ணூறு சதம் குப்பை என்றால், அது மற்ற இலக்கியத்தின் விகிதமும்தான் என்பது ஒரு புறம். என் தங்கை மகள் கொடுத்த கதையிலும் பேய் சமாதானமாகி, மேசை இழுப்பறை தானே திறந்து, உள்ளே ஒரு கடிதம் இருந்து, இரண்டு பேரும் கண்ணீர் விடுகிறார்கள். அந்த இடத்தில் நான் அவளைத் திட்டத்தான் செய்தேன். முன்னவரின் துக்கத்தை இவ்வளவு சுலபமாகத் தீர்த்துவைக்கிற உரிமை யாருக்கும் கிடையாது. ஜேகப்ஸ் அந்த வெறும் சாலையோடு நிறுத்தியதும், அகலிகை கல்லானதும் அதனால்தான். ‘அழட்டுமே மாமா, அவங்க ஒன்பது வருஷம் அழவே விடலையே’ என்றாள். ரசிகர்களின் தர்க்கம். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நிலைக்கண்ணாடிக் கதையில் என்ன நடந்தது என்று அவள் கேட்டாள். ஞாபகத்திலிருந்ததைச் சொன்னேன். கண்ணாடியில் தெரிந்த புடவை அரக்கு நிறம். மனைவி அதைப் புருஷனிடம் சொல்லவில்லை. அவனுக்கும் அதில் ஏதோ தெரிந்திருக்கிறது, அவனும் சொல்லவில்லை. ஒரு நாள் அவன் ஊருக்குப் போயிருக்கிறபோது கண்ணாடியின் மேல் போர்வை ஒன்றைப் போட்டு மூடுகிறாள்; திரும்பி வந்தவன் போர்வையைப் பார்க்கிறான், ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறானே என்பதுதான் அவளுக்குப் பயமாகிறது. இவ்வளவு எனக்கு ஐம்பது வருஷமாக நினைவிருக்கிறது.

‘அப்புறம்?’ என்றாள்.

கையெழுத்து அந்த இடத்தில் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது. இன்னும் நாலு பக்கம் பாக்கி இருந்தது. நான் அதற்குள் போஸ்ட் கார்டை எடுத்துவிட்டேன்.